‘பிள்ளை பெத்தா அப்படித்தான்’ – அடி இறக்கத்தின் கதை



மலருக்கு வரலாறு எழுதித் தரச் சொல்லி நம்ம செயலாளர் அக்கா கேட்டாங்க. குழு ஆரம்பிச்ச கதை, கடன் வாங்கிக் கட்டின கதை, கறவை மாடு வாங்கின கதை எல்லாம் மத்தவங்க நல்லாவே எழுதியிருப்பீங்க. நான் வேற ஒரு வரலாறு எழுதுறேன். அடி இறக்கம். டாக்டருங்க கர்ப்பப்பை இறக்கம்னு சொல்றது. சில ஊர்ல ‘அடி தள்ளுது’ன்னு சொல்வாங்க. படிக்கும்போது சிலருக்குக் கூச்சமா இருக்கும். எழுதுற எனக்கும் இருக்கு. ஆனா இதைப் படிக்கப் போறது நாமதான். நமக்குள்ள பேசாம வேற எங்க பேசுறது?

முதல்ல அது என்னன்னு சொல்லிடுறேன். கர்ப்பப்பை, மூத்திரப்பை, மலக்குடல் மூணையும் கீழேயிருந்து தாங்குற தசைகள் நம்ம இடுப்புக்குள்ள இருக்கு. தொட்டில் சேலை குழந்தையைத் தாங்குற மாதிரி அது தாங்குது. பிரசவ வலி ரொம்ப நேரம் இழுத்தாலும், கர்ப்பவாய் முழுசாத் திறக்கும் முன்னாடியே முக்க வெச்சாலும், அடுத்தடுத்து பிள்ளை பெத்தாலும், பிரசவமான கொஞ்ச நாள்லயே பாரம் தூக்கினாலும் அந்தத் தசைகள் தளர்ந்து போகும். தீராத இருமல், மலச்சிக்கல் இருந்தாலும் தளரும். மாதவிடாய் நின்ன பிறகு இன்னும் தளரும். அப்போ கர்ப்பப்பை கீழே இறங்குது. இடுப்பு கடுக்கும். அடிவயிறு இழுக்கும். இருமினா, தும்மினா மூத்திரம் சொட்டும். குந்தி உட்கார்ந்தா கீழே உருண்டையா ஏதோ தட்டுப்படும். இது பாவமும் இல்ல, நடத்தைக் கேடும் இல்ல. பாரம் சுமந்த உடம்புக்கு வர்ற நோய்.

இந்த நோய் ரொம்பப் பழசு. 2,000 வருஷத்துக்கும் முன்னாடியே கிரேக்க நாட்டு வைத்தியர்கள் இதைப் பத்தி எழுதி வெச்சிருக்காங்க. பாதி மாதுளம்பழத்தை உள்ளே வெச்சு கர்ப்பப்பையைத் தாங்க வைப்பாங்களாம். இன்னொரு வைத்தியமும் இருந்திருக்கு. அந்தப் பெண்ணை ஏணியில தலைகீழாக் கட்டி உலுக்குவாங்களாம்! படிச்சப்போ எனக்குச் சிரிப்பும் வந்தது, வயித்தெரிச்சலும் வந்தது. ஆனா ஒண்ணு புரிஞ்சுது. அந்தக் காலத்துப் பொம்பளைங்களும் வாய் திறந்து சொல்லியிருக்காங்க. சொல்லாம இருந்திருந்தா வைத்தியர் எதுக்கு மாதுளம்பழத்தைத் தேடப் போறார்?

நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். அந்தக் காலத்துல ஆண் டாக்டர்கிட்ட உடம்பைக் காட்ட மாட்டோம்னு பெண்கள் இருந்தாங்க. வீட்டு ஆம்பளைங்களும் விட மாட்டாங்க. திண்டிவனத்துல ஒரே ராத்திரியில மூணு வீட்டுக்காரங்க, பிரசவத்துல தவிக்கிற தங்கள் மனைவியைப் பார்க்க வரச் சொல்லி, ஒரு அமெரிக்க டாக்டரோட மகள் ஐடா ஸ்கடரைத் தேடி வந்தாங்க. அந்தப் பொண்ணு டாக்டருக்குப் படிக்காதவங்க. அப்பாவை அனுப்புறேன்னு சொன்னதுக்கு மூணு பேரும் ஒத்துக்கல. மூணு பெண்களும் செத்துப் போனாங்க. அதைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படிச்சு, 1900-ல் வேலூருக்கு வந்து வைத்தியம் பார்க்க ஆரம்பிச்சாங்க. 1918-ல் பெண்களுக்குன்னே ஒரு மருத்துவப் பள்ளியும் தொடங்கினாங்க.

அதுக்கு முன்னாடியே 1875-ல் மேரி ஷார்லீப் அம்மாவும் இன்னும் மூணு பெண்களும் சென்னை மருத்துவக் கல்லூரியில சேர்ந்தாங்க. அந்த அம்மாதான் 1885-ல் கோஷா பெண்களுக்காக ஒரு ஆஸ்பத்திரி தொடங்கினாங்க. திருவல்லிக்கேணியில இன்னைக்கும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ன்னு ஜனங்க சொல்றது அதைத்தான். இப்போ அதுக்குக் கஸ்தூர்பா காந்தி பேர். அப்புறம் புதுக்கோட்டையில பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மா 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்சு முடிச்சு டாக்டர் ஆனாங்க. பெண் டாக்டர் வந்தாச்சு, பெண்களுக்கு ஆஸ்பத்திரியும் வந்தாச்சு. அப்போ நம்ம கஷ்டம் தீர்ந்திருக்கணும் இல்லையா?

முழுசாத் தீரல. ஏன்னா ரொம்ப வருஷமா ஆஸ்பத்திரியில நம்மகிட்ட கேட்டது ரெண்டே கேள்விதான். ‘மாசமா இருக்கியா?’, ‘ஆபரேஷன் பண்ணிக்கிறியா?’ குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இத்தனை பேர்னு இலக்கு வெச்சு வேலை நடந்த காலம் அது. பிரசவத்துக்கும் கருத்தடைக்கும் நடுவுல ஒரு பொம்பளைக்கு வர்ற வெள்ளைப்படுதல், அரிப்பு, அடி இறக்கம், மூத்திரச் சொட்டு இதெல்லாம் எந்தக் கணக்குலயும் வரல.

அந்தக் கணக்கை முதல்ல எடுத்தவங்க ராணி பங், அபய் பங்னு டாக்டர் தம்பதி. மகாராஷ்டிராவுல கட்சிரோலின்னு காட்டுப் பக்கத்து மாவட்டம். அங்கே ரெண்டு கிராமத்துல 650 பெண்களைப் பரிசோதிச்சுப் பார்த்தாங்க. 100-க்கு 92 பேருக்கு ஏதோ ஒரு பெண்நோய் இருந்தது. ஒரு பெண்ணுக்குச் சராசரியா 3.6 நோய். அதுக்கு முன்னாடி இந்த மாதிரி பரிசோதனையும் வைத்தியமும் கிடைச்சவங்க 100-க்கு 8 பேர்தான். 1989-ல் லண்டனிலிருந்து வர்ற ‘லான்செட்’ மருத்துவப் பத்திரிகையில இது வெளியானப்போதான், கிராமத்துப் பெண்ணுக்கும் இப்படி நோய் உண்டுன்னு பெரிய பெரிய இடத்துல பேச ஆரம்பிச்சாங்க. வீட்டு வாசல்ல போய் அக்கறையாக் கேட்ட பிறகுதான் அந்த 92 தெரிய வந்தது.

நம்ம தமிழ்நாட்டிலயும் இதே வேலையைச் செஞ்சிருக்காங்க. 1981-ல் செங்கல்பட்டுப் பக்கத்துல கிராமத்து தலித் பெண்கள் சேர்ந்து ரூவ்செக்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. உடம்பைப் பத்தியும் உரிமையைப் பத்தியும் ஊர் ஊராப் போய்ப் பேசினாங்க. பின்னாடி பெண்களுக்குன்னு ஒரு கிளினிக்கும் நடத்தினாங்க. கர்ப்பப்பை இறங்கின பெண்களோட அனுபவத்தைக் கேட்டு எழுதினதும் இவங்கதான். அதுல பெண்கள் சொன்னதெல்லாம் நமக்குத் தெரிஞ்சதே. பிரசவமாகி ஓய்வில்லாம வேலைக்குப் போனது, வருஷக் கணக்கா வெளியே சொல்லாம வேலை செஞ்சது. நம்மளை மாதிரி கூலி வேலை செய்யற பெண்களே கேட்டு எழுதின வரலாறு அது. அதனாலதான் நானும் எழுதலாம்னு தைரியம் வந்தது.

1994-ல் எகிப்து நாட்டுல கெய்ரோ நகரத்துல உலக மாநாடு நடந்தது. ஜனத்தொகையை மட்டும் பார்க்காதீங்க, பெண்ணோட உடல்நலத்தைப் பாருங்கன்னு அங்கே பல நாட்டுப் பெண்கள் அமைப்புகள் சண்டை போட்டாங்க. 1996-ல் நம்ம மத்திய அரசும் குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கு முறையைக் கைவிட்டது.

காகிதத்துல எல்லாம் மாறிடுச்சு. எனக்கு என்ன நடந்ததுன்னு இப்போ சொல்றேன்.

என் ரெண்டாவது குழந்தை பிறந்தது 2014-ல். இருபது நாள்ல தண்ணிக் குடம் தூக்கினேன். மூணாவது மாசம் வயல் வேலை. கொஞ்ச நாள்ல இடுப்பு கடுப்பு ஆரம்பிச்சுது. நாத்து நடக் குனிஞ்சா நிமிர முடியாது. கீழே ஏதோ இறங்கி உரசி எரியும். பஸ்ல நின்னா மூத்திரம் கசிஞ்சிடுமோன்னு பயம். அதனால கல்யாணம் காட்சிக்குப் போறதையே விட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சீட்டைப் பார்த்துக்கிட்டே, “பிள்ளை பெத்தா அப்படித்தாம்மா இருக்கும்”னு சொல்லி வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் எழுதினார். படுக்க வெச்சுப் பார்க்கல. அடுத்து காசு கொடுத்து இன்னொரு இடம். ஸ்கேன் எடுத்தாங்க. “ஒண்ணும் இல்ல, வீட்டுல ஏதாவது பிரச்சினையா? மனசை லேசா வெச்சுக்கோ”ன்னு அந்த அம்மா சொன்னாங்க. மூணாவது இடத்துல, “ரெண்டு பிள்ளை ஆச்சே, கர்ப்பப்பையை எடுத்துடலாம், முப்பதாயிரம் ரெடி பண்ணு”ன்னாங்க. அங்கேயும் கை வெச்சுப் பரிசோதிக்கல. மூணு இடத்துலயும் நான் வாய் விட்டுச் சொன்னேன். கேட்கத்தான் ஆள் இல்ல.

நம்ம கூட்டமைப்புல நடந்த சுகாதாரப் பயிற்சிக்கு வந்த நர்சம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. “குந்தி உட்காரும்போது கீழே ஏதாவது தட்டுப்படுதா?” அந்த அறையில நாலு பேர் தலை குனிஞ்சோம். அப்புறம் குழுவிலிருந்து ரெண்டு அக்காங்க என்கூட மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. அங்கே இருந்த டாக்டரம்மா என்னைப் படுக்க வெச்சு, இருமச் சொல்லி, முக்கச் சொல்லிப் பார்த்தாங்க. அஞ்சு நிமிஷம்கூட ஆகல. “ரெண்டாம் நிலையில இறங்கியிருக்கு. இத்தனை வருஷம் எப்படிம்மா தாங்கினே?”ன்னாங்க. அந்த வார்த்தைக்கு எனக்கு அழுகை வந்துடுச்சு. மருந்து கிடைக்கும் முன்னாடியே பாதி பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து என் மாமியார்கிட்ட சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், “எனக்கும் இருபது வருஷமா இருக்குடி. துணி வெச்சுக் கட்டிக்கிட்டுத்தான் களை எடுக்கறேன்”னாங்க. ஒரே வீட்டுல, ஒரே அடுப்படியில ரெண்டு பேரும் இருந்திருக்கோம். அத்தையையும் கூட்டிட்டுப் போனேன்.

இதுக்கு என்ன வைத்தியம்னு எல்லாரும் தெரிஞ்சுக்கணும். ஆரம்ப நிலைன்னா உடற்பயிற்சி. மூத்திரத்தை அடக்குற மாதிரி அடித் தசையை இறுக்கி, சில வினாடி பிடிச்சு விடணும். 1948-ல் அமெரிக்காவுல ஆர்னால்ட் கெகல்னு ஒரு டாக்டர் இதைப் பத்தி எழுதினதால கெகல் பயிற்சின்னு பேர். செலவே இல்ல. சரியாச் செய்யறோமான்னு மட்டும் நர்சம்மாகிட்ட ஒரு தடவை கேட்டுக்கணும். அடுத்தது, உள்ளே வெச்சுத் தாங்குற வளையம். அந்த மாதுளம்பழம் செஞ்ச வேலையைத்தான் இது செய்யுது. டாக்டர் சொன்ன நாள்ல போய்க் கழட்டி, சுத்தம் பண்ணி, திரும்ப வைக்கணும். எனக்கு வளையமும் பயிற்சியும். இப்போ நாத்து நடப் போறேன், பாரம் மட்டும் தூக்குறதில்ல. ரொம்ப இறங்கியிருந்தா ஆபரேஷன் தேவைப்படும். அத்தைக்கு ஆபரேஷன்தான் செஞ்சாங்க, அது தேவைப்பட்டதால செஞ்சாங்க.

தேவையில்லாம எடுக்கறதுதான் இன்னொரு கொடுமை. காசுக்காகக் கர்ப்பப்பையை எடுக்கறதைத் தடுக்கணும்னு ஒரு டாக்டர் போட்ட வழக்குல, மத்திய அரசோட வழிகாட்டுதலை எல்லா மாநிலமும் மூணு மாசத்துக்குள்ள நடைமுறைப்படுத்தணும்னு 2023 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. பக்கத்து நேபாளத்துல மலை ஏறி இறங்கி பாரம் சுமக்கிற பெண்கள் நிறைய பேருக்கு அடி இறக்கம். அங்கேயும் வழக்கு போட்டாங்க. இதைக் கவனிக்காம விடறது பெண்களோட உரிமையைப் பறிக்கறதுன்னு 2008-ல் நேபாள உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்தது. நாம கூச்சப்படற விஷயத்தை நீதிபதிங்க உரிமைன்னு எழுதியிருக்காங்க.

நம்ம குழுக்களுக்கும் இந்த வரலாற்றுல இடம் இருக்கு. 1989-ல் தமிழ்நாட்டுல தர்மபுரியில மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பிச்சப்போ, சேமிப்பும் கடனும்தான் எல்லாரும் பார்த்தாங்க. 2021-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தப்போ, வீடு வீடாப் போய் சுகரும் பிரஷரும் பார்க்க நம்ம குழுப் பெண்களைத்தான் எடுத்தாங்க. வீட்டுக்குள்ள போற அந்தக் கால்கள், அந்த நர்சம்மா கேட்ட ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டா எத்தனை பேர் பிழைப்பாங்க!

அதனால கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வெக்கறேன். ஒண்ணு, ஒவ்வொரு குழுவும் மாசக் கூட்டத்துல வரவு செலவு முடிஞ்சதும் பத்து நிமிஷம் உடம்பைப் பத்திப் பேசணும். பேர் எழுத வேண்டாம், பேசினோம்னு தீர்மான நோட்டுல எழுதினா போதும். ரெண்டு, ஆஸ்பத்திரிக்கு எந்த உறுப்பினரும் தனியாப் போகக் கூடாது. துணைக்குப் போக ரெண்டு பேரை முறை வெச்சு அனுப்பணும். மூணு பேராப் போய் நின்னா, “படுக்க வெச்சுப் பாருங்க டாக்டர்”னு கேட்க வாய் வரும். ஸ்கேன் மட்டும் போதாது, இருமச் சொல்லி, முக்கச் சொல்லிப் பார்க்கணும்னு கேளுங்க. மூணு, பிரசவமான உறுப்பினர் வீட்டுக்கு ஆறு வாரம் வரைக்கும் தண்ணி எடுத்துக் கொடுக்கறது குழுவோட பொறுப்பா இருக்கணும்.

கடைசிக் கோரிக்கையை எங்க குழு போன பொங்கல்லருந்து செய்யுது. இதுவரைக்கும் மூணு வீட்டுக்குத் தண்ணி எடுத்துக் கொடுத்திருக்கோம். அடுத்த மாசம் நாலாவது வீடு.