கணக்கு விளையாட்டும் கணக்குப் பரீட்சையும்

சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போட்ட கடலடி கேபிளைத் திறந்துவைத்தது 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி. சுமார் 2,300 கிலோமீட்டர். போர்ட் பிளேயர் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம், எனக்கு வாய் இன்னும் பழகவில்லை), ஹேவ்லாக், ரங்கத், கார் நிக்கோபார் என்று எட்டு இடங்களைத் தொடுகிறது. அதற்கு முன்னால் எல்லாம் செயற்கைக்கோள் வழி வந்த இணையம்தான். ஒரு படம் இறங்குவதற்குள் சோறு வடித்துவிடலாம் :-)

வேகம் வந்ததும் பிள்ளைகள் கைக்கு முதலில் வந்தது விளையாட்டு. கூடவே "விளையாடிக்கொண்டே கணக்கு கற்கலாம்" என்ற விளம்பரமும். காசு கட்டலாமா என்று ஊரில் இருப்பவர்கள் போனில் கேட்கிறார்கள். இங்கே வெளிநாட்டில் நம் வீடுகளிலும் அதே கேள்விதான், கணக்கோடு தமிழும் சேர்ந்துகொள்கிறது. வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் பாதிப் பேர் ஆஹா என்பார்கள், பாதிப் பேர் கண் கெட்டுப்போகும் என்பார்கள். ஆனால் இதை ஒழுங்காக அளந்து பார்த்த ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பெரும்பகுதி நம் நாட்டில், ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் நடந்தது. அதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போகிறேன்.

கொடுத்தார்கள், அளக்கவில்லை

பாடம் சொல்லும் கணினி விளையாட்டு புதிது அல்ல. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆசிரியர் பயிற்சியில் இருந்த மூன்று மாணவர்கள் 'ஓரிகன் டிரெயில்' விளையாட்டை 1971லேயே எழுதி வகுப்பில் ஓட்டினார்கள். இந்தியாவில் 1984ல் 'கிளாஸ்' என்ற திட்டம் வந்தது, பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. அந்தக் காலத்தில் படித்த சிலர் அதில்தான் முதல் விசையைத் தட்டியிருப்பீர்கள். பல பள்ளிகளில் கணினி அறைக்குப் பெரிய பூட்டும், உள்ளே போக செருப்பைக் கழற்ற வேண்டும் என்ற சட்டமும் இருந்ததும் ஞாபகம் இருக்கும்.

1999ல் டெல்லி கல்காஜியில் என்.ஐ.ஐ.டி. நிறுவனத்தின் சுகதா மித்ரா, சேரியை ஒட்டிய சுவரில் ஓட்டை போட்டுக் கணினியைப் பதித்து வைத்தார். யாரும் சொல்லித்தராமல் பிள்ளைகள் தாமாகவே இயக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பது உலகச் செய்தியானது. டெல்லியில் அப்படி ஒரு இடத்தை நேரில் பார்த்த மார்க் வார்ஷவர் என்ற அமெரிக்கப் பேராசிரியரோ, பிள்ளைகள் பெரும்பாலும் விளையாட்டும் படம் வரைதலுமாகத்தான் இருக்கிறார்கள் என்று எழுதினார். இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சுவரைத்தான் பார்த்தார்கள். பார்ப்பது வேறு, அளப்பது வேறு.

வதோதரா: முதல் சரியான தராசு

குஜராத் அரசு 2000ஆம் ஆண்டு வாக்கில் வதோதராவின் மாநகராட்சிப் பள்ளிகளுக்குத் தலா நான்கு கணினி கொடுத்திருந்தது. 2002ல் போய்ப் பார்த்தால் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் அதைத் தொட்டதே அபூர்வம். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் அந்தக் கணினிகளை எடுத்து, நான்காம் வகுப்புக்குக் கணக்கு விளையாட்டுகளைப் போட்டது. வாரம் இரண்டு மணி நேரம், ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள்.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ (2019ல் நோபல் பெற்ற அதே இருவர்), ஷான் கோல், லீ லிண்டன் நால்வரும் இதை அளந்தார்கள். குலுக்கல் போட்டுச் சில பள்ளிகளுக்கு விளையாட்டு, மற்றவற்றுக்கு இல்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே பரீட்சை. மருந்தைச் சோதிக்கிற அதே முறை.

கணக்கில் 0.47 திட்ட விலக்கம் முன்னேற்றம். அதாவது, 100 பேரை மார்க் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் பிள்ளை சுமார் 18 பேரைத் தாண்டி மேலே போகிறது. பெரிய விஷயம்தான். ஆனால் கட்டுரையை அதோடு மூடிவைக்கக் கூடாது. திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்து அதே பிள்ளைகளுக்கு மறுபடி பரீட்சை வைத்தார்கள். பலன் சுமார் 0.10 ஆகத் தேய்ந்திருந்தது. 18 பேர் 4 பேராகிவிட்டார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. அந்தந்தப் பகுதியிலேயே ஓரளவு படித்த இளம்பெண்களை 'பால்சகி' என்ற பெயரில் அமர்த்தி, பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அதன் பலன் 0.28, செலவு பிள்ளைக்கு வருடம் இரண்டேகால் டாலர். கணினிக்கு ஆன செலவு சுமார் 15 டாலர். டாலருக்கு டாலர் கணக்குப் போட்டால் அந்த அக்காக்கள் கணினியைவிட நாலு மடங்கு லாபம். அவர்கள் பலனும் ஒரு வருடத்தில் தேய்ந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

அதே விளையாட்டு, எதிர்ப்பலன்

எனக்கு இந்த வரலாற்றிலேயே முக்கியமாகப் படுவது அடுத்த ஆய்வு. ஞான் ஷாலா என்ற அமைப்பு குஜராத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிறது, அங்கே பாடமும் ஒழுங்காகவே நடந்துகொண்டிருந்தது. லீ லிண்டன் அங்கே கணக்கு மென்பொருளை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்.

முதல் விதம், பள்ளி நேரத்தில், ஆசிரியர் பாடத்துக்குப் பதிலாக. பிள்ளைகளின் மதிப்பெண் 0.57 கீழே விழுந்தது. நடுவில் நின்ற பிள்ளையை 20 பேருக்கு மேல் முந்திவிட்டார்கள் என்று அர்த்தம். இரண்டாவது விதம், பள்ளி முடிந்த பிறகு கூடுதலாக. இப்போது 0.28 ஏறியது, பின்தங்கிய பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாக.

ஆக, "இந்த விளையாட்டு நல்லதா?" என்பது பாதிக் கேள்விதான். எந்த நேரத்தை எடுத்துக்கொண்டு வருகிறது என்பது மீதிப் பாதி. அமெரிக்காவில் நாடாளுமன்ற உத்தரவின்படி நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2007ல் வந்தது. வாசிப்பு, கணக்கு மென்பொருள் பயன்படுத்திய வகுப்புகளுக்கும் மற்ற வகுப்புகளுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆசிரியரும் பாடமும் ஏற்கெனவே இருந்த வகுப்புகள் அவை என்பதை இங்கே சேர்த்துப் படிக்கலாம்.

காலிக்குப்பத்துத் தமிழ்ப் பிள்ளைகள்

இது புதுச்சேரிப் பகுதிக் கதை. அந்தமானைப் போலவே யூனியன் பிரதேசம், அந்தமானைப் போலவே 2004 சுனாமியில் அடிவாங்கிய கரை. இங்கே நடந்தது விளையாட்டு அல்ல, சுவர்க் கணினி. ஆனாலும் நம் கேள்விக்கு நேரடி உறவு உண்டு.

10 முதல் 14 வயது வரையுள்ள, தமிழ் மட்டும் பேசும் பிள்ளைகளிடம், ஆங்கிலத்தில் இருந்த மூலக்கூறு உயிரியல் பாடத்தைக் கணினியில் போட்டுக் கொடுத்தார் மித்ரா. ஆசிரியர் கிடையாது. தாமாகவே படித்து, பக்கத்து அரசுப் பள்ளியில் அதே பாடத்தை ஆசிரியரிடம் படித்த பிள்ளைகள் அளவுக்கு மார்க் எடுத்தார்கள். பிறகு ஓர் இளம்பெண் கூட உட்கார்ந்தார். அவருக்கும் உயிரியல் தெரியாது. பாட்டி மாதிரி "அட, இது எப்படி வந்துச்சு? எனக்கும் சொல்லேன்" என்று கேட்பதுதான் வேலை. பிள்ளைகளின் மார்க் டெல்லியின் நல்ல தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமமாக ஏறியது. ஆய்வுக் கட்டுரை 2010ல் வந்தது.

சின்ன ஆய்வு, குலுக்கல் கிடையாது. வதோதரா அளவுக்கு இதை நம்பிவிட முடியாது. அதே 2010ல் பாயல் அரோரா, உத்தராகண்டில் இப்படிப் பதித்த கணினிகள் கைவிடப்பட்டுக் கிடந்ததை எழுதினார். ஆனாலும் கூட உட்காரும் ஆள் என்ன செய்கிறார் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டியது வேறொன்று எனக்குத் தெரிய இல்லை.

எந்தப் பரீட்சை?

இன்னும் இரண்டு ஆய்வுகள், சுருக்கமாக. 2017ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது ஒன்று. டெல்லியில் 214 பாலர் பள்ளிகள், 1,540 பிள்ளைகள், நான்கு மாதம் கணக்கு விளையாட்டு (கணினியில் அல்ல, கையால் ஆடுவது). எது அதிகம், எது குறைவு என்று கண்ணால் மதிப்பிடும் திறன் கூடி, ஒரு வருடத்துக்குப் பிறகும் நிலைத்தது. பள்ளிக் கணக்கில் மட்டும் அந்த லாபம் தெரியவில்லை.

அடுத்தது 'மைண்ட்ஸ்பார்க்'. டெல்லியில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை 619 மாணவர்கள், பள்ளி முடிந்த பிறகு நாலரை மாதம். கார்த்திக் முரளிதரனும் மற்ற இருவரும் 2019ல் வெளியிட்டார்கள். கணக்கில் 0.37, இந்தியில் 0.23. மென்பொருள் பிள்ளை உண்மையில் நிற்கும் படியிலிருந்து தொடங்கியதுதான் விசேஷம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்னால் இருந்தார்கள். அதனாலேயே பள்ளியின் சொந்தக் கணக்குப் பரீட்சையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. பிள்ளை இரண்டு படி ஏறியிருந்தாலும் பள்ளி ஐந்தாவது படியைக் கேட்டால் பூஜ்யம்தானே?

நம் வீட்டுக்கு

கால் நூற்றாண்டு அளந்ததில் எனக்குக் கிடைத்தது மூன்று கேள்விகள். எதற்குப் பதிலாக? எந்தப் பரீட்சையில்? எவ்வளவு நாள் கழித்து? செயலி காட்டும் நட்சத்திரமும் பதக்கமும் மூன்றில் ஒன்றுக்கும் பதில் சொல்லாது. விளையாட்டில் ஏறுவது விளையாட்டின் மார்க்.

அந்தமானில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 15 சதவீதம் பேர் தமிழர்கள், தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. வதோதரா பிள்ளைகள் குஜராத்திகள், மைண்ட்ஸ்பார்க் பிள்ளைகள் இந்தி படித்தவர்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையிடம் ஆங்கில விளையாட்டைக் கொடுத்தால் காலிக்குப்பம் மாதிரி பக்கத்தில் ஒருவர் உட்காரவேண்டும். அம்மாவோ தாத்தாவோ போதும், பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் நமக்கு இன்னும் கவனம் தேவை. ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருக்கும் ஆச்சியோடு பேசும் அரை மணியை எடுத்துவிட்டுத் தமிழ் எழுத்து விளையாட்டைக் கொடுத்தால், அது ஞான் ஷாலாவின் முதல் விதம். வெறுமனே யூடியூப் ஓடும் அரை மணியை எடுத்தால் இரண்டாவது விதம். செயலி ஒன்றுதான்.

அளக்கப் பொருளாதார நிபுணர் வேண்டாம். தொடங்கும் முன் காகிதத்தில் பத்துச் சொல் எழுதச் சொல்லுங்கள், தேதி போட்டு வையுங்கள். ஒரு மாதம் ஆனதும் மறுபடி. பிறகு செயலியை நிறுத்தி இரண்டு மாதம் கழித்து இன்னொரு தடவை. திரையை அணைத்துவிட்டு, காகிதத்தில். அந்த மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

செய்து பார்த்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். தேய்ந்துபோனதையும் சேர்த்து.