சிங்கச் சின்னத்துக்கு 36, கொழுந்துக் கூடைக்கு 35



தேயிலைப் பக்கற்றில் வாளேந்தி நிற்கும் சிங்கத்தை நாம் தினமும் பார்க்கிறோம். அதன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலைநோயால் கோப்பி அழிந்தது. மலையெல்லாம் தேயிலை ஆனது. 1890இல் வந்த தோமஸ் லிப்டன் இங்கே தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே கேத்தலுக்கு வரும் தேயிலை என்று விளம்பரம் செய்தார். வெள்ளைக்காரன் காசு கொடுத்தது இலைக்கு மட்டுமல்ல. பச்சை மலை, பனி, கூடை சுமந்த பெண் என்று மனதில் எழும் படத்துக்கும் சேர்த்துத்தான்.

அந்தப் படத்துக்கு விலை உண்டு. அதனால்தான் 1972இல் நாட்டின் பெயர் மாறியும் தேயிலை 'சிலோன்' ஆகவே இருந்தது. சிங்கம் இலங்கை தேயிலைச் சபைக்குச் சொந்தமான, பதிவு செய்யப்பட்ட வர்த்தகக் குறி. உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும். இங்கேயே பக்கற் செய்திருக்க வேண்டும். சபையின் தரத்துக்கும் பொருந்த வேண்டும். வேறு நாட்டுத் தேயிலையைக் கலந்தவர் சிங்கத்தைப் போட முடியாது. நுவரெலியா, டிம்புள்ள, ஊவா போன்ற பிரதேசப் பெயர்களுக்கும் தனித்தனிச் சின்னங்கள் உண்டு.

இனி, நாம் மறக்கக்கூடாத விசயம். 'சிலோன்' என்ற பெயரை உலகெங்கும் கொண்டுபோன தேயிலையைப் பறித்தவர்களில் பெரும்பாலானோரை, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் சிலோன் பிரஜைகளாக ஏற்கவில்லை. இலை சிலோன், பறித்த கை சிலோன் இல்லை!

வர்த்தகக் குறிகளைப் பாதுகாக்கும் இன்றைய புலமைச் சொத்துச் சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம். அதற்கு முந்திய 35ஆம் இலக்கம் எது தெரியுமா? எஞ்சியிருந்த நாடற்ற இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கிய சட்டம். பெயரைக் காக்கும் சட்டமும் ஆளை ஏற்கும் சட்டமும் அடுத்தடுத்த இலக்கங்கள். ஆனால் அந்த 35க்காக நம் மக்கள் 55 வருடம் காத்திருந்தார்கள்.

சிங்கத்தை நாம் வெறுக்க வேண்டியதில்லை. போலித் தேயிலை பெருகினால் முதலில் அடிபடுவது நம் தோட்டத்துச் சம்பளமும், அதை நம்பியிருக்கும் டவுன் கடைகளும்தான். ஆனால் பெயருக்குக் கிடைத்த காவல் உழைத்தவருக்கும் கிடைத்ததா என்று கேட்பது நம் உரிமை.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய பிரஜாவுரிமைப் பத்திரங்கள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளிடம் காட்டுங்கள். அவர்கள் குடிக்கும் பிளேன்டீயின் வரலாறு அதிலும் இருக்கிறது.