இரும்புக் கவசமும் இயற்கைக் கவசமும்

யானைக்குச் சட்டை தைக்க எவ்வளவு துணி வேண்டும்? வேடிக்கையான கேள்விதான். ஆனால் யானைக்கு இரும்பாலேயே சட்டை செய்து அணிவித்த காலம் ஒன்று இருந்தது. அப்படிப்பட்ட சட்டை ஒன்று இங்கிலாந்தில் லீட்ஸ் நகரிலுள்ள அரசுப் படைக்கலக் காட்சிசாலையில் இன்றும் இருக்கிறது.

கி.பி. 1600-ஐ ஒட்டி, முகலாயர் ஆட்சிக் காலத்தில், நம் நாட்டில் செய்யப்பட்ட கவசம் அது. சிறு சிறு இரும்புத் தகடுகளைக் கம்பி வளையங்களால் ஒன்றோடொன்று பிணைத்து, எட்டுப் பகுதிகளாக அதைச் செய்திருந்தார்கள். இப்போது எஞ்சியிருப்பவை ஆறு பகுதிகள்தாம். அந்த ஆறில் மட்டும் 5,840 தகடுகள் உள்ளன; எடை 118 கிலோ. முழுமையாக இருந்தபோது அதில் 8,439 தகடுகள் இருந்திருக்க வேண்டும், எடை 159 கிலோ இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1798 முதல் 1803 வரை சென்னையில் ஆளுநராக இருந்த எட்வர்டு கிளைவின் மனைவி இதை இந்தியாவில் பெற்று, 1801-ஆம் ஆண்டில் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார்.

159 கிலோ என்பது இரண்டு மனிதர்களின் எடை. நம்மால் சுமக்க முடியாது. ஆனால் நன்கு வளர்ந்த ஆண் யானையின் எடை ஏறக்குறைய 4,000 கிலோ. அதன் உடல் எடையில் இந்தக் கவசம் நூற்றில் நான்கு பங்குதான். யானைக்கு இது ஒரு சுமையே அல்ல.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய கேள்வி எழுகிறது. கவசம் இவ்வளவு நல்லதென்றால், எல்லா விலங்குகளும் ஏன் கவசத்தோடு பிறப்பதில்லை? மனிதனும் தன் குதிரைக்கும் யானைக்கும் போட்ட கவசத்தை ஏன் கழற்றிவிட்டான்? போர்க்களத்தின் வரலாற்றையும் உயிர்களின் வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

குதிரையின் திறந்த வயிறு

கி.மு. 53-ஆம் ஆண்டு. இன்றைய துருக்கி நாட்டில் உள்ள கார்ரே என்னும் இடத்தில் ரோமானியப் படையும், ஈரானிலிருந்து வந்த பார்த்தியர் படையும் மோதின. ரோமானியருக்குத் தலைவர் கிராசஸ். பார்த்தியருக்குத் தலைவர் சுரேனா. பார்த்தியர் படையில் ஏறக்குறைய ஆயிரம் வீரர்கள், தாங்களும் கவசம் அணிந்து தங்கள் குதிரைகளுக்கும் கவசம் அணிவித்திருந்தார்கள். மற்றவர்கள் குதிரைமேல் இருந்தபடியே அம்பு எய்தார்கள். ரோமானியர் படுதோல்வி அடைந்தனர். கிராசசும் அவருடைய மகனும் மாண்டனர்.

அந்தப் போரில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். ரோமானியர் பக்கம் இருந்த கால் இனத்துக் குதிரை வீரர்களிடம் கனமான கவசம் இல்லை. அவர்களுடைய குட்டையான ஈட்டிகள் பகைவரின் கவசத்தைத் துளைக்கவும் இல்லை. எனவே அவர்களில் பலர் தங்கள் குதிரையிலிருந்து குதித்து, பார்த்தியரின் குதிரைகளுக்கு அடியில் தவழ்ந்து சென்று, அவற்றின் வயிற்றில் குத்தினார்கள். முதுகும் பக்கமும் இரும்பால் மூடியிருந்தன; வயிறு மூடியிருக்கவில்லை!

இந்தக் கவசங்கள் எப்படி இருந்தன என்பதை நாம் கண்ணாலேயே பார்க்க முடிகிறது. சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் துரா-யூரோப்போஸ் என்ற பழைய நகரம் ஒன்று உண்டு. கி.பி. 256-ஐ ஒட்டி நடந்த முற்றுகையில் அது அழிந்தது. 1930-களில் அங்கே அகழ்ந்தவர்கள், இடிந்த கோபுரம் ஒன்றில் குதிரைக் கவசங்களைக் கண்டெடுத்தார்கள். துணியின்மேல் மீன் செதில்களைப் போல் உலோகத் தகடுகளை வரிசை வரிசையாகத் தைத்திருந்தார்கள். நடுவில் சேணத்துக்கு ஒரு திறப்பு. குதிரையின்மேல் ஒரு போர்வையைப் போல் அதைப் போட்டுவிடலாம். போர்வை என்றால் கீழே திறந்துதானே இருக்கும்?

வயிற்றையும் ஏன் மூடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். குதிரை ஓடும்போது கால்கள் முன்னும் பின்னும் வீச வேண்டும். மூச்சு வாங்கும்போது வயிறு விரிந்து சுருங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எடை கூடும். ஐரோப்பாவில் 15-ஆம் நூற்றாண்டில் குதிரையின் முகம், கழுத்து, மார்பு, பின்புறம் ஆகிய எல்லாவற்றுக்கும் தனித்தனியே எஃகுக் கவசம் செய்தார்கள். அதன் எடை ஏறக்குறைய 30 கிலோ. அதன்மேல் ஏறும் வீரன் 75 கிலோ. அவன் அணியும் கவசம் 25 கிலோ. சேணத்தைச் சேர்க்காமலே 130 கிலோ ஆகிவிட்டது. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு இது தன் உடலில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகம். குதிரையைப் போர்க்களத்துக்குக் கொண்டுவந்ததே அதன் வேகத்துக்காக. அந்த வேகத்தைக் கொடுத்துத்தான் மனிதன் பாதுகாப்பை வாங்கினான்.

துப்பாக்கியும் பீரங்கியும் பெருகியபோது இந்தப் பேரம் கட்டுபடியாகவில்லை. குண்டைத் தடுக்கும் அளவுக்குத் தகட்டைக் கனமாக்கினால் குதிரையால் ஓட முடியாது. ஓடும் அளவுக்கு மெல்லியதாக்கினால் குண்டைத் தடுக்க முடியாது. ஆகவே கவசம் மெல்ல மெல்லக் கழன்றது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் குதிரைகள் அணிந்த கவசம் என்ன தெரியுமா? நச்சுப் புகையைத் தடுக்கும் முகமூடி! பகைவன் மாறினால் கவசமும் மாற வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

முதலில் வயிற்றை மூடிய ஆமை

இனி இயற்கையின் பட்டறைக்குள் செல்வோம். கவசம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஆமை. அதன் ஓடு மேலே போட்டுக்கொண்ட சட்டை அல்ல. விலா எலும்புகளும் முதுகெலும்பும் அகன்று இணைந்து உருவானதே மேலோடு. ஆகவே, கதைகளில் வருவதைப்போல் ஆமை தன் ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வர முடியாது.

இந்த ஓடு எப்படித் தோன்றியது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 2008-ஆம் ஆண்டில் ஒரு முக்கியமான செய்தி வெளியாயிற்று. சீனாவின் தென்மேற்குப் பகுதியில், சுமார் 22 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆமை ஒன்றின் புதைபடிவங்கள் கிடைத்தன. அதற்கு வாயில் பற்கள் இருந்தன. இன்றைய ஆமைகளுக்குப் பற்கள் இல்லை. அதைவிட வியப்பானது அதன் ஓடு. அடி ஓடு முழுமையாக இருந்தது. மேலோடோ முழுமை பெறவில்லை, விலா எலும்புகள் சற்றே அகன்றிருந்தன, அவ்வளவுதான். மனிதன் குதிரையின் முதுகை மூடி வயிற்றை விட்டுவிட்டான். இந்தப் பழைய ஆமையிடம் நாம் காண்பதோ வயிற்றை மூடிய கவசம்!

நீரில் நீந்தும் விலங்குக்குப் பகைவன் கீழிருந்து வருவான். எனவே அடி ஓடு முதலில் பயன்பட்டிருக்கலாம் என்று சில விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். விலா எலும்புகள் முதன்முதலில் அகன்றது மண்ணைத் தோண்ட உடலுக்கு உறுதி வேண்டித்தான், பாதுகாப்புக்காக அல்ல என்று வேறு சிலர் கூறுகிறார்கள். எப்படியாயினும், ஆமையும் விலை கொடுத்தது. அதன் நடை உங்களுக்குத் தெரியும் அல்லவா?

கவசத்தைத் திரும்ப அணிந்த மீன்

கவசத்துக்கு விலை உண்டு என்பதை நம் காலத்திலேயே கண்ணெதிரே காட்டிய சிறு மீன் ஒன்று உண்டு. ஸ்டிக்கில்பேக் என்று அதற்குப் பெயர். நம் விரல் நீளந்தான் இருக்கும்; முதுகில் மூன்று முட்கள். கடலில் வாழும் இவ்வின மீன்களின் இரு பக்கங்களிலும் எலும்புத் தகடுகள் வரிசையாக உள்ளன. ஆனால் ஏரிகளில் குடியேறிய மீன்களில் பெரும்பாலானவை காலப்போக்கில் இந்தத் தகடுகளை இழந்துவிட்டன. பகை குறைந்த இடத்தில் தகடுகள் வெறும் சுமை. அவற்றை ஆக்கச் செலவாகும் சுண்ணாம்பும் சக்தியும் வளர்ச்சிக்குப் பயன்படலாம் அல்லவா?

அமெரிக்காவில் சியாட்டில் நகரை ஒட்டி வாஷிங்டன் ஏரி இருக்கிறது. நகரின் கழிவுநீர் கலந்து அது கலங்கிக் கிடந்தது. 1960-களில் மக்கள் முயன்று கழிவுநீரைத் திருப்பிவிட்டார்கள். முன்பு ஒரு மீட்டர் ஆழம்கூடத் தெரியாத நீரில், பின்னர் ஏழு மீட்டர் ஆழம்வரை கண்ணுக்குத் தெரிந்தது. மனிதனுக்கு மகிழ்ச்சி, ஏரியில் இருந்த டிரவுட் மீன்களுக்கும் மகிழ்ச்சி. ஏனெனில் கலங்கல் நீரில் மறைந்திருந்த சிறு மீன்கள் இப்போது அவற்றின் கண்ணில் பட்டன.

விளைவு என்ன? 1960-களின் இறுதியில் முழுக் கவசம் கொண்ட ஸ்டிக்கில்பேக் மீன்கள் 100-க்கு 6 தான் இருந்தன. 2005-இல் 100-க்கு 49 ஆகிவிட்டன. எந்த மீனும் விரும்பித் தகடு அணிந்துகொள்ளவில்லை. தகட்டுடன் பிறந்த மீன்கள் அதிகமாகத் தப்பின. தப்பியவை அதிகமாகக் குஞ்சு பொரித்தன. நாற்பது ஆண்டுகளுக்குள் இயற்கை தன் கணக்கைத் திருத்தி எழுதிவிட்டது.

அழுங்கு எழுப்பும் கேள்வி

ஆனால் பகைவன் மாறுகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க எல்லா உயிர்களாலும் இயலுமா? தென் அமெரிக்காவில் கிளிப்டோடான் என்ற விலங்கினம் வாழ்ந்தது. அர்மடில்லோவின் பேருருவ உறவினன். எலும்பு வில்லைகள் ஆயிரத்துக்குமேல் சேர்ந்து, கவிழ்த்த தொட்டி போல் அதன் முதுகை மூடியிருந்தன. பெரிய இனங்கள் ஒரு டன்னுக்கும் அதிக எடை கொண்டவை. கூரிய பல் கொண்ட கொடிய விலங்குகளிடையே இலட்சக்கணக்கான ஆண்டுகள் அவை வாழ்ந்தன. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோயின. அர்ஜென்டினாவில் கிடைத்த இவ்வின எலும்புகளில், சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் கற்கருவியால் இறைச்சியை அறுத்த தடங்கள் இருப்பதாக 2024-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். காலநிலை மாற்றமும் ஒரு காரணமாக இருக்கலாம். எனினும், பற்களைத் தாங்கிய அந்த ஓடு கற்கருவியைத் தாங்கவில்லை.

நம் நாட்டிலும் இலங்கையிலும் வாழும் அழுங்கின் கதையும் இதுவே. எறும்புதின்னி என்றும் நாம் அதை அழைக்கிறோம். அதன் உடலை மூடியுள்ள செதில்கள் கெரட்டின் என்ற பொருளால் ஆனவை. நம் நகமும் முடியும் அதே பொருள்தான். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு இந்தச் செதில்களே! முகலாயர் யானையின் கவசத்தோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்கு சுமை. கவசம் இல்லாத இடம் எது தெரியுமா? வயிறுதான். ஆனால் அழுங்கு அதற்கும் வழி கண்டிருக்கிறது. ஆபத்து வந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும். வயிறு உள்ளே போய்விடும். சிறுத்தையும் சிங்கமும்கூட உருட்டிப் பார்த்துவிட்டு விட்டுப்போவதுண்டு.

மனிதன் என்ன செய்கிறான்? சுருண்ட பந்தை அப்படியே எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறான். ஓடவும் இல்லை, கடிக்கவும் இல்லை. அதற்குப் பற்களே இல்லை. எந்தத் தந்திரம் சிங்கத்திடமிருந்து காப்பாற்றியதோ, அதுவே மனிதனிடம் அதைப் பிடித்துக் கொடுக்கிறது. இறைச்சிக்காகவும், செதில்கள் மருந்தாகும் என்ற நம்பிக்கைக்காகவும் அழுங்குகளைக் கொல்கிறார்கள். செதிலுக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டு என்பதற்கு விஞ்ஞானச் சான்று இல்லை. நகத்தை அரைத்துக் குடித்து நோய் தீர்ந்தவர் உண்டா? பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் பிறக்கும். ஸ்டிக்கில்பேக் மீனைப்போல் விரைவில் மாறிக்கொள்ள அழுங்கால் முடியாது.

இரும்பே கவசமாக உள்ள உயிரும் இதற்கு விலக்கல்ல. இந்தியப் பெருங்கடலில் இரண்டு கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், சில வெந்நீர் ஊற்றுகளில் மட்டும் வாழும் ஒரு நத்தை 2001-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் ஓட்டின் மேற்பூச்சும் காலிலுள்ள செதில்களின் மேற்பூச்சும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். நண்டின் பிடியையும் தாங்கும் அந்த ஓடு, கடலடியைத் தோண்டும் இயந்திரத்தைத் தாங்குமா? கடலடிச் சுரங்கங்களால் ஆபத்து வரும் என்பதால், 2019-இல் அந்த நத்தை அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இத்தகைய உயிர்களுக்கு மனிதனே ஒரு கவசம் செய்து தர முடியும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அழுங்கை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. 2016-இல், உலகிலுள்ள எட்டு வகை அழுங்குகளையும் நாடுகளுக்கிடையே வணிகம் செய்யக்கூடாது என்று உலக நாடுகள் கூடி முடிவெடுத்தன. 2020-இல் சீனா, தன் அரசு மருந்து நூலில் மருந்துப் பொருளாக இருந்த அழுங்குச் செதிலின் பெயரை நீக்கியது. ஆயினும் கள்ள வணிகம் ஒழிந்துவிடவில்லை.

குதிரைக்கும் யானைக்கும் மனிதன் இரும்பு அணிவித்தது தன் போருக்காக; அவற்றின் நலத்துக்காக அல்ல. சட்டம் என்னும் இந்தக் கவசமோ விலங்குக்காகவே செய்யப்பட்டது. அதற்கும் திறந்த வயிறு உண்டு. செதிலை விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கும்வரை அந்தத் திறப்பு மூடாது. அடுத்த முறை உங்கள் ஊர்ப்பக்கம் அழுங்கு ஒன்று சுருண்டு கிடப்பதைக் கண்டால் அதைத் தொடாதீர்கள், மற்றவர்களையும் தொடவிடாதீர்கள். வனத்துறைக்குச் செய்தி சொல்லுங்கள். ஆபத்து நீங்கியது என்று தெரிந்ததும் அது தானே விரிந்து, தன் வழியே நடந்து போய்விடும்.