ஆயுளும் வாழ்க்கைத் தரமும்: நாள்பட்ட சுவாசச் செயலிழப்பில் அளவீட்டின் வரலாறு

முன்னுரை

நுரையீரலோ மூச்சுத் தசைகளோ தம் பணியை நிறைவாகச் செய்ய இயலாமல், குருதியில் ஆக்சிஜன் குறைந்தோ கார்பன் டை ஆக்சைடு மிகுந்தோ நீடிக்கும் நிலை நாள்பட்ட சுவாசச் செயலிழப்பு எனப்படுகிறது. குருதிச் சோதனை இக்குறைபாட்டின் அளவைக் காட்டும். நோயாளி அதனுடன் எவ்வாறு வாழ்கிறார் என்பதைக் காட்டாது. இவ்விடைவெளியை நிரப்ப எழுந்த அளவீட்டு முயற்சிகளை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

ஆயுளே அளவுகோலாக

வீட்டில் நீண்டகாலம் ஆக்சிஜன் அளிக்கும் மருத்துவத்திற்கு இரண்டு ஆய்வுகள் அடித்தளமிட்டன. பிரிட்டனில் 87 நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 1981இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 15 மணிநேரம் ஆக்சிஜன் பெற்ற 42 பேரில் 19 பேரும், பெறாத 45 பேரில் 30 பேரும் ஐந்தாண்டுக் கண்காணிப்பில் இறந்தனர். 1980இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு, 203 நோயாளிகளைக் கொண்டு, இரவில் மட்டும் பெறுவதைவிட இடையறாது ஆக்சிஜன் பெறுவது உயிர்காப்பதை நிறுவியது.

இந்த 203 நோயாளிகளின் வாழ்க்கைத் தரமும் ஆராயப்பட்டது. ஆறு திங்கள் சிகிச்சைக்குப் பின் சிந்தனைத் திறனில் ஓரளவு முன்னேற்றம் காணப்பட்டது. மனநிலையிலும் வாழ்க்கைத் தரத்திலும் பெரிய மாற்றமில்லை என 1983இல் அறிவிக்கப்பட்டது. ஆயுள் நீள்வதும் வாழ்க்கை மேம்படுவதும் ஒன்றல்ல என்பதற்கு இது தொடக்ககாலச் சான்றாகும்.

தனி வினாநிரல்கள்

அவ்வாய்வில் பயன்பட்ட வினாநிரல் எல்லா நோய்களுக்கும் பொதுவானது. நுரையீரல் நோய்க்கெனத் தனி வினாநிரலைக் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கார்டன் கயாட் குழுவினர் 1987இல் வெளியிட்டனர். தமக்கு முக்கியமான, மூச்சிரைப்பை உண்டாக்கும் அன்றாடச் செயல்களை நோயாளியே தேர்ந்து கூறுவது இதன் சிறப்பு. 1992இல் லண்டனில் பால் ஜோன்ஸ் குழுவினர் வெளியிட்ட செயின்ட் ஜார்ஜ் வினாநிரல் 0 முதல் 100 வரை மதிப்பெண் தந்தது.

எனினும், இவை சுவாசச் செயலிழப்பு நிலையை எட்டியோருக்கென உருவாக்கப்பட்டவை அல்ல. வீட்டைவிட்டு வெளியேறவே இயலாதவர், நடப்பதையும் படியேறுவதையும் பற்றிய வினாக்களில் ஏற்கெனவே கடைநிலை மதிப்பெண்ணைப் பெற்றுவிடுவார். அதன்பின் அவர் நிலை மேலும் தாழ்ந்தாலும் மதிப்பெண் அதனை உணர்த்தாது. இக்குறையைக் களைய 1999இல் இத்தாலியில் 28 வினாக்கள் கொண்ட மௌகேரி வினாநிரலும், 2003இல் ஜெர்மனியில் விண்டிஷ் குழுவினரின் 49 வினாக்கள் கொண்ட வினாநிரலும் உருவாயின. பின்னது, வீட்டில் செயற்கைச் சுவாசக் கருவியுடன் வாழ்வோரின் உறக்கம், அச்சம், சமூக உறவு ஆகியவற்றையும் அளந்தது.

முரண்படும் முடிவுகள்

முகமூடி வழியாகச் சுவாசக் கருவியை இரவில் பயன்படுத்துவது குறித்த ஆய்வுகளில் இவ்வளவீடுகளின் இன்றியமையாமை புலப்பட்டது. 2002இல் வெளியான இத்தாலிய ஆய்வில், ஆக்சிஜனோடு இக்கருவியையும் பெற்றோரின் வாழ்க்கைத் தரம் மௌகேரி வினாநிரலின்படி உயர்ந்தது, ஆயுள் கூடவில்லை. 144 நோயாளிகளைக் கொண்ட 2009ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வில், பிற காரணிகளைச் சரிசெய்து கணக்கிட்டபோது ஆயுள் கூடியது. பொது வினாநிரல் காட்டிய வாழ்க்கைத் தரமோ தாழ்ந்தது. கார்பன் டை ஆக்சைடைப் பெருமளவு குறைக்கும் வகையில் கருவியை இயக்கிய 2014ஆம் ஆண்டு ஜெர்மானிய ஆய்வில், ஓராண்டு இறப்பு 33 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தது; வாழ்க்கைத் தரமும் மேம்பட்டது.

இம்மூன்று ஆய்வுகளும் நோயாளிகளின் தன்மையிலும் கருவியை இயக்கிய முறையிலும் வேறுபட்டவை. பயன்படுத்திய வினாநிரல்களும் ஒன்றல்ல. எனவே அவற்றின் மதிப்பெண்களை நேருக்குநேர் ஒப்பிடுதல் பொருந்தாது.

முடிவுரை

ஆயுளைக் கொண்டு வாழ்க்கைத் தரத்தை உய்த்துணர இயலாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை. இறப்பை மட்டும் எண்ணியிருந்தால் இத்தாலிய ஆய்வு தோல்வியாகவும் ஆஸ்திரேலிய ஆய்வு முழு வெற்றியாகவும் பதிவாகியிருக்கும். இரவுதோறும் முகமூடியுடன் உறங்கவேண்டியவர் நோயாளியே. ஆதலின் அவர் தரும் விடை, குருதிச் சோதனையின் எண்ணுக்கு இணையான மருத்துவச் சான்றாகக் கொள்ளத்தக்கது.