பாட்டால் நிலைத்த வழிவிடுதி

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 20 கல் தொலைவில் அமைந்தது சட்பரி என்னும் சிற்றூர். பாஸ்டனையும் நியூயார்க்கையும் இணைத்த பழைய அஞ்சல் நெடுஞ்சாலை இவ்வூர் வழியே சென்றது. ஆங்கிலேயரின் குடியேற்ற ஆட்சி நிலவிய 1716ஆம் ஆண்டில் டேவிட் ஹவ் என்பவர் அச்சாலையோரத்தில் இருந்த தம் இல்லத்தையே விடுதியாக்கினார்.

அக்காலத்து விடுதியை வெறும் மதுக்கடை என்று எண்ணிவிடலாகாது. பயணிக்கு உணவும் படுக்கையும், குதிரைக்குத் தீனியும் கொட்டிலும் அங்கே கிடைத்தன. தொலைவூர்ச் செய்திகள் முதலில் வந்திறங்கிய இடமும் அதுவே. ஊரார் கூடி உரையாடிய மன்றமும் அதுவே.

டேவிடின் மைந்தர் எசக்கியேல் ஹவ் காலத்தில் இவ்விடுதி ‘செங்குதிரை’ என்னும் பெயரால் வழங்கியது. 1775 ஏப்ரல் 19ஆம் நாள் கான்கார்டில் ஆங்கிலேயப் படையை எதிர்க்கச் சட்பரி ஊர்ப்படையினர் புறப்பட்டபோது, இவ்விடுதிக்காரரே அவர்களை நடத்திச் சென்றார். அவருக்குப் பின் மகன் ஆடமும் பெயரன் லைமனும் தொழிலைத் தொடர்ந்தனர்.

பாஸ்டனிலிருந்து ஊஸ்டர் நகருக்கு 1835இல் இருப்புப்பாதை நிறைவுற்றது. அது சட்பரிக்குத் தெற்கே விலகிச் சென்றது. குதிரை வண்டிகள் குறைந்தன. விடுதியின் வருவாயும் குறைந்தது. மணமாகாத லைமன் ஹவ் 1861இல் மறைந்தபோது, நான்கு தலைமுறை நடந்த தொழில் நின்றுபோயிற்று. நெடுஞ்சாலையோரத்து விடுதிகள் பலவற்றின் வரலாறு இவ்வாறே முடிந்திருக்கிறது.

இவ்விடுதியின் வரலாறு அவ்வாறு முடியவில்லை. 1862ஆம் ஆண்டு அக்டோபரில் கவிஞர் லாங்ஃபெலோ அங்கு வந்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் அவர் தம் மனைவியைத் தீ விபத்தில் இழந்திருந்தார். அடுத்த ஆண்டே ‘வழிவிடுதிக் கதைகள்’ என்னும் பொருள்படும் அவரது நூல் வெளிவந்தது. விடுதியின் கணப்பருகே கூடிய எழுவர் ஆளுக்கொரு கதை கூறுவதாக அமைந்தது அந்நூல். செங்குதிரை விடுதி அன்றுமுதல் உலகோர் நாவில் ‘வழிவிடுதி’ ஆயிற்று.

அந்நூலில் விடுதிக்காரர் கூறும் கதை, பால் ரிவியரின் நள்ளிரவுக் குதிரைப் பயணம். ரிவியர் கான்கார்டு வரை சென்று எச்சரித்ததாகக் கவிதை கூறுகிறது. உண்மையில் அவர் லிங்கன் என்னும் இடத்தில் ஆங்கிலேய வீரரிடம் பிடிபட்டார். கான்கார்டை அடைந்தவர் சாமுவேல் பிரெஸ்காட். அவ்வீட்டிலிருந்தே போருக்குச் சென்ற பாட்டனார் எசக்கியேலுக்கோ, நூலின் முன்னுரைப் பகுதியில் அவரது வாளைப் பற்றிய குறிப்பு மட்டுமே கிடைத்தது. வீட்டை வாழவைத்த கவிதை, வீட்டுக்குரியவரின் வரலாற்றை ஓரத்தில் நிறுத்திவிட்டது.

எனினும் அக்கவிதை இல்லையேல் அவ்வீடே எஞ்சியிராது எனலாம். 1897இல் எட்வர்ட் லெமன் அதனை மீண்டும் விடுதியாகத் திறந்தமைக்கும், 1923இல் ஹென்றி ஃபோர்டு அதனை விலைக்கு வாங்கியமைக்கும் அந்நூல் தந்த புகழே அடிப்படை. ஃபோர்டு சுற்றியிருந்த நிலங்களையும் சேர்த்து வாங்கி, மாவரைக்கும் நீராலை ஒன்றை 1929இல் அங்கே இயங்கச் செய்தார். உந்துகளின் அதிர்விலிருந்து கட்டடத்தைக் காக்கத் தம் செலவில் மாற்றுச் சாலையும் அமைத்தார். உலகமெங்கும் உந்துகளை ஓடவிட்டவரே, இந்த ஒரு வீட்டுக்காகச் சாலையை விலக்கி வைத்தார்.

1955 டிசம்பரில் பெருந்தீ விடுதியின் பெரும்பகுதியை அழித்தது. அது மீண்டும் எழுப்பப்பட்டு, 1958இல் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே விருந்தினர் உண்டு, உறங்கிச் செல்கின்றனர். அவர்களுள் பலர் தேடி வருவது லாங்ஃபெலோவின் கவிதையை. எசக்கியேல் நடந்து புறப்பட்ட வாசலும் அதுவே என்பதை அங்கு வந்த பின்னரே அறிகின்றனர். வரலாற்றைப் பாடும் கவிஞர் கையில் எத்துணை ஆற்றலும், அதனால் எத்துணைப் பொறுப்பும் உள்ளன என்பதற்கு அவ்வாசல் சான்றாக நிற்கிறது.