தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு... ஆனா மீன் இல்ல! ஏரியை அமிலமாக்கும் நைட்ரஜன்: நடப்பது என்ன?

அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் இருக்கும் அடிரோண்டாக் மலைப்பகுதி முழுக்க காடும் ஏரியும்தான். ஆனாலும் கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில், இங்குள்ள பல ஏரிகளில் மீன்களே இல்லாமல் போனது. தண்ணீர் மட்டும் பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அமிலமான ஏரிகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

காரணம் காற்றில் வந்தது. பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலக்கரி மின் நிலையங்களின் புகையும், வாகனப் புகையும் மழையாகவும் பனியாகவும் இந்த மலையில் இறங்கின. இதில் முதல் குற்றவாளி கந்தகம். நைட்ரஜன் இரண்டாவது ஆள். ஆனால் கொஞ்சம் தந்திரமான ஆள்!

உரம்தானே, என்ன பிரச்னை?

புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடு காற்றிலேயே நைட்ரிக் அமிலமாக மாறுகிறது. வயல் உரம், மாட்டுச் சாணம் ஆகியவற்றிலிருந்து கிளம்பும் அம்மோனியா உண்மையில் காரத்தன்மை கொண்டது. ஆனால் அது மண்ணில் விழுந்ததும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உருவாகிறது.

மரங்களுக்கு நைட்ரஜன் சாப்பாடு மாதிரி. அதனால் ஆரம்பத்தில் காடே அதை இழுத்துக்கொள்ளும், ஏரிக்கு ஒன்றும் ஆகாது. வருஷக்கணக்கில் தேவைக்கு மேல் கொட்டிக்கொண்டே இருந்தால்? மிஞ்சிய நைட்ரேட் தண்ணீரோடு வெளியேறும். போகும்போது மண்ணில் அமிலத்தைச் சமாளிக்கும் கால்சியம், மெக்னீசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். அவை தீர்ந்துபோனால் அடுத்து மண்ணிலிருந்து கரைந்து வருவது அலுமினியம். இதுதான் மீனின் செவுளைத் தாக்கி மூச்சுத் திணற வைக்கிறது.

பனி உருகும் நேரம்

குளிர்காலத்தில் மரங்கள் நைட்ரஜனை அவ்வளவாக எடுப்பதில்லை. மாதக்கணக்கில் பனியிலும் மண்ணிலும் சேர்ந்த நைட்ரேட், வசந்தத்தில் பனி உருகும்போது ஒரே மூச்சாக ஓடைக்குள் பாயும். அந்தச் சில நாட்களில் பிஎச் அளவு சட்டென்று சரியும். பிஎச் 6-லிருந்து 5-க்கு இறங்கினால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடிவிட்டது என்று அர்த்தம். ப்ரூக் ட்ரவுட் மீன் குஞ்சுகள் வெளியே வருவதும் கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான். வருஷம் முழுக்க ஏரியின் சராசரி அளவு பரவாயில்லை என்றாலும், அந்த ஒரு வாரம் போதும், ஒரு தலைமுறையே காலி.

இப்போது நிலைமை?

1990-ல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியது. அதன்பின் கந்தகம், நைட்ரஜன் ஆக்சைடு இரண்டுமே பெரிய அளவில் குறைந்தன. சில ஏரிகளுக்கு மீன்கள் திரும்பியும் இருக்கின்றன. ஆனால் மண் இழந்த கால்சியம் பாறை கரைந்துதான் திரும்ப வரணும், அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். புகைக்குப் போட்ட கடிவாளம் பண்ணைகளின் அம்மோனியாவுக்கு இன்னும் அந்த அளவுக்குப் போடப்படவில்லை.