தெருவும் குளமும் தாலுகா கச்சேரியும்: இரட்டைமலை சீனிவாசன் பேசிய விவசாயம்

பூந்தமல்லி இன்று தனித்தொகுதி. ஆவடியையும் பூந்தமல்லியையும் உள்ளடக்கிய திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதியும் தனித்தொகுதிதான். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சி மேடையிலும் ‘விவசாயி’ என்ற சொல் ஒலிக்கும். 2021 முதல் தமிழ்நாட்டில் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கையே போடுகிறார்கள். நல்லது. ஆனால் அந்த ‘விவசாயி’ என்ற சொல்லுக்குள் சேரியில் இருப்பவர் இருக்கிறாரா? நாற்று நட்டவரும் ஏர் ஓட்டியவரும் அறுத்துக் களம் சேர்த்தவரும் நாம். பட்டா யார் பேரில் இருக்கிறது?

இந்தக் கேள்வியைச் சட்டமன்றத்துக்குள் கொண்டுபோனவர்களில் மூத்தவர் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். 1859இல் இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்தவர். அவரைக் கோயில் நுழைவுக்கும் வட்டமேசை மாநாட்டுக்கும் மட்டும் நினைவுகூர்கிறோம். அவரை விவசாயக் கொள்கை பேசிய சட்டமன்ற உறுப்பினராக யாரும் எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அன்று செங்கல்பட்டு மாவட்டம். ஏரிப் பாசன நெல் பூமி. செம்பரம்பாக்கம் ஏரி குடிநீர்த் தொட்டியாக மாறுவதற்கு முன் வயலுக்குத்தான் பாய்ந்தது. அந்த நிலத்தின் மேல் மிராசுதார்களின் பிடி இருந்தது. பயிரிட்ட நிலம் மட்டுமல்ல, தரிசின் மேலும் அவர்களுக்கே முன்னுரிமை. ஒரு படியாள் தரிசு கேட்டு தர்காஸ்து மனு போட்டால், ‘எனக்கு வேண்டும்’ என்று மிராசுதார் சொன்னால் போதும், நிலம் அவருக்குப் போய்விடும். குடிசை இருந்த மனையும் பெரும்பாலும் மிராசுதார் பிடியில். கூலி கூடக் கேட்டால் குடிசையைக் காலி செய் என்பார்கள். பட்டினியை விடப் பெரிய ஆயுதம் அது.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் இதையெல்லாம் அறிக்கையாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன் விளைவுதான் 1892 செப்டம்பர் 30ஆம் தேதியிட்ட 1010ஆம் எண் அரசாணை. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அங்கிருந்து வருகிறது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாறலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் நெடுங்காலமாக முன்வைக்கும் கணக்கு. திரமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே 1891இல் தான் சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893இல் ‘பறையன்’ இதழ். நிலம் ஒரு வெள்ளைக்காரரின் கருணையால் மட்டும் வந்தது என்று நினைப்பவர்கள் இந்த ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கட்டும்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய சீனிவாசன் 1923இல் சென்னை சட்டமன்றத்தில் நியமன உறுப்பினரானார். மறு ஆண்டே அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரின் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடக்கலாம். அரசு அலுவலகம், கிணறு, குளம், பொது இடங்கள் எதையும் மற்றவர்களைப் போலவே பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். 1925இல் அது அரசிதழில் வெளியானது.

இதைச் சமூக சீர்திருத்தம் என்று ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார்கள். ஒரு விவசாயியின் இடத்தில் நின்று படித்துப் பாருங்கள். தெருவில் நடக்கத் தடை என்றால் விளைச்சலைச் சந்தைக்கு எப்படிக் கொண்டுபோவது? குளத்தில் இறங்கத் தடை என்றால் மாட்டுக்கும் பயிருக்கும் தண்ணீர் ஏது? தாலுகா கச்சேரி வாசலில் நிற்கத் தடை என்றால் தர்காஸ்து மனுவை யாரிடம் கொடுப்பது? 1892 அரசாணை காகிதத்தில் நிலம் தந்தது. அந்த நிலத்துக்குப் போகும் வழியை, தண்ணீரை, அலுவலகத்தைத் திறக்கக் கேட்டது 1924 தீர்மானம். நிலம், நீர், பாதை, பத்திரம். இது விவசாயக் கொள்கை இல்லையென்றால் வேறு எது விவசாயக் கொள்கை?

அதன் பிறகும் நம்மவர்கள் அந்த இருக்கையில் அமர்ந்தார்கள். 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் வேளாண்மைத் துறை ஒரு ஆதிதிராவிடரிடம், உதகமண்டலம் வி.ஐ. முனுசாமிப் பிள்ளையிடம் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் கக்கன் வேளாண் அமைச்சராக இருந்தார். நாற்காலி கிடைத்தது. கிராமத்தில் நில உடைமை அசையவில்லை.

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. சோசலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது: 30 தர ஏக்கர். 1970இல் அது 15ஆகக் குறைந்தது. அதே ஆவடியில் 1960களில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. தொழிற்சாலையை நான் குறை சொல்லவில்லை. சேரிப் பிள்ளைகள் பலர் அங்கே வேலைக்குப் போய்த்தான் தலை நிமிர்ந்தார்கள். ஆனால் வயல் மனையாகும்போது, பட்டா வைத்திருந்தவருக்கு விலை கிடைத்தது. தலைமுறையாக அதில் உழைத்தவருக்கு என்ன கிடைத்தது? வேலை போனதுதான் மிச்சம். விவசாயக் கூலிக்கு நிலம் விற்ற பணத்தில் பங்கு உண்டு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

நிலத்தின் விலை ஏற ஏற பஞ்சமி நிலத்தின் மேல் கண் விழுந்தது. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரை விட்டார்கள். அரசு கொடுத்த நிலத்தை அரசே மீட்டுத் தரச் சொன்னதற்குக் கிடைத்த பதில் அது.

2015-16 வேளாண் கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்திய அளவில் பட்டியல் சாதியினர் கையாளும் சாகுபடி நிலம் மொத்தப் பரப்பில் 9 விழுக்காட்டுக்கும் கீழே. 2011 மக்கள்தொகையில் அவர்கள் 16.6 விழுக்காடு. மானியம், பயிர்க் கடன், கடன் தள்ளுபடி எல்லாமே பெரும்பாலும் சிட்டா, அடங்கலைக் காட்டினால் கிடைப்பவை. காகிதம் இல்லாதவர் எத்தனை ஏக்கர் நட்டாலும் அரசின் கண்ணுக்கு விவசாயி இல்லை.

தோழர்களே, தனித்தொகுதியில் வாக்கு கேட்டு வருகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான்: இந்தத் தொகுதியில் பஞ்சமி நிலம் எந்தெந்த சர்வே எண்களில் இருந்தது, இன்று யார் கையில் இருக்கிறது? கிராம நிர்வாக அலுவலகத்தின் பழைய ‘அ’ பதிவேட்டில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். தாலுகா அலுவலகத்தின் படியேறும் உரிமையை 1924லேயே தாத்தா வாங்கித் தந்துவிட்டார். ஏறுவது நம் வேலை.